கல்யாணமாகி மூணு வருஷம், பேச்சு குறைஞ்சு போச்சு: மலையில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு ஒரு பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான். கோத்தகிரிப் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி மூன்று வருஷம், ஒன்றரை வயதில் பையன். மாமனார் பேரில் ஒன்றரை ஏக்கர் தேயிலை. கொழுந்து பறிப்பது பெரும்பாலும் மருமகள். கணவர் ஊட்டியில் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறார். மாமனார், மாமியார் கூடவே இருக்கிறார்கள். கை நீட்டுகிற பழக்கம் இல்லை, குடி எப்போதாவது. “பெருசா ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க. ஆனா பேச்சே குறைஞ்சு போச்சு, பேசினா சண்டைல முடியுது. கடைசி வரைக்கும் நல்லா இருக்கணும்னா என்ன பண்ணணும்?”

“அனுசரிச்சுப் போம்மா” என்று பத்துப் பேராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். யார், எதை, எவ்வளவு அனுசரிப்பது என்று சொல்லாத அறிவுரை கடைசியில் ஒருத்தர் தலையில்தான் விடியும். உங்கள் விஷயத்தில் எனக்குப் படுவது வேறு. உங்கள் இருவரின் நேரமும் வரும்படியும் ஒன்றுக்கொன்று இடக்குப் பிடிக்கின்றன. ஏப்ரல், மே சீசனில் அவருக்குத் தூங்க நேரம் கிடையாது. மழை விழுந்து கொழுந்து அடிக்கும் வாரங்களில் உங்களுக்கு நிமிர நேரம் கிடையாது. பொங்கல் லீவு முடிந்து, உறைபனியில் செடி கருகிக் கிடக்கும் நாட்களில் இருவருக்கும் நேரம் இருக்கும், கையில் காசு இருக்காது. இதற்கு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளாமல் அன்பு மட்டும் வைத்துச் சமாளிக்கப் பார்த்தால், மூன்றாவது வருஷத்தில் இப்படித்தான் நிற்கும்.

முதலில் சாயங்காலத்தை எடுத்துக்கொள்வோம். மணி ஆறரை. அவர் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வருகிறார். நீங்கள் அடுப்படியில் இருந்தபடி, “இன்னைக்கு ஏஜென்ட் எடை போட்டப்போ ஈர இலைன்னு மூணு கிலோ கழிச்சுட்டாங்க” என்கிறீர்கள். அவர் போனைப் பார்த்துக்கொண்டே “ம்” என்கிறார். அவ்வளவுதான், சண்டை இல்லை. ஆனால் மறுநாள் நீங்கள் மூணு கிலோவைப் பற்றிச் சொல்ல மாட்டீர்கள். அதற்கடுத்த வாரம் எதையுமே சொல்ல மாட்டீர்கள். பேச்சு குறைவது இந்த “ம்”மில்தான் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் என்ற உளவியல் பேராசிரியர் புதுமணத் தம்பதிகளின் இப்படிப்பட்ட சின்னப் பேச்சுகளை எண்ணிப் பார்த்தார். ஆறு வருஷம் கழித்துச் சேர்ந்திருந்தவர்கள், 100 முறை துணை பேச்சுக் கொடுத்தால் 86 முறை முகம் கொடுத்தவர்கள். பிரிந்துபோனவர்கள் முகம் கொடுத்தது 33 முறை.

ஆகவே செய்ய வேண்டியது சின்னது. அவர் வீட்டுக்குள் வந்த முதல் இருபது நிமிஷம் இரண்டு போனும் அலமாரியில் இருக்கட்டும். வண்டித் தொழிலில் போன் அடிக்கத்தான் செய்யும். அடித்தால் எடுக்கட்டும், பேசி முடித்ததும் திரும்ப அதே இடத்தில் வைக்கட்டும். நீங்கள் மூணு கிலோ என்றதும் அவர் சொல்ல வேண்டியது “ஏஜென்ட்டை மாத்திடு” என்ற யோசனை கிடையாது. “மழையில நனைஞ்சுட்டுப் பறிச்சதை இப்படிக் கழிச்சா எப்படி?” என்று ஒரு வார்த்தை, “மொத்தம் எவ்வளவு போட்டாங்க?” என்று ஒரு கேள்வி, அது போதும். யோசனை கேட்டால் மட்டும் யோசனை. உங்கள் பக்கமும் ஒன்று உண்டு. அவர் செருப்பைக் கழற்றும்போதே “இன்னைக்கு எவ்வளவு கிடைச்சுது?” என்று கேட்காதீர்கள். நாள் முழுக்க யாரோ நாலு பேரை தொட்டபெட்டாவுக்கும் பைக்காராவுக்கும் ஏற்றி இறக்கி, நடுவில் இ-பாஸ் (நீலகிரிக்குள் வர வெளியூர் வண்டிகள் எடுக்க வேண்டிய அனுமதி) எடுக்காமல் வந்தவர்களின் புலம்பலையும் கேட்டுவிட்டு வருகிறார். “எங்கெல்லாம் போனீங்க?” என்று முதலில் கேளுங்கள். காசுப் பேச்சுக்கு வேறு நாள் வைத்திருக்கிறேன், கீழே வருகிறது.

அடுத்தது சண்டை. இதில்தான் அதிக வேலை.

சண்டை எங்கே போய் முடியும் என்பது பெரும்பாலும் முதல் மூன்று நிமிஷத்திலேயே தெரிந்துவிடும். கடுமையாக ஆரம்பித்தது கடுமையாகவே முடியும். நம் வீடுகளில் மோசமான ஆரம்பங்கள் மூன்று. ஒன்று, “நீங்க எப்பவுமே இப்படித்தான்.” இரண்டாவது, “உங்க வீட்டுல எல்லாருமே இப்படித்தான்.” மூன்றாவதுதான் விஷம்: சாடைப் பேச்சு. குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு “உங்கப்பாவுக்கு நம்ம ஞாபகமெல்லாம் எங்கடா இருக்கு” என்பது. குண்டானை ‘ணங்’ என்று வைப்பது. அவர் கேட்கும்படி அத்தையிடம் சொல்வது. சொன்னவருக்குச் சொல்லிவிட்ட திருப்தி, கேட்டவருக்குப் பதில் சொல்ல வழியில்லாத எரிச்சல். பதில் சொன்னால் “உங்களையா சொன்னேன்?” என்று வரும். இந்தப் பழக்கத்தை விட்டாலே பாதிச் சண்டை போய்விடும்.

எப்படி ஆரம்பிப்பது? நடந்தது என்ன, எனக்கு என்ன ஆச்சு, எனக்கு என்ன வேணும் என்ற வரிசையில் மூன்றே வாக்கியம். “ஞாயித்துக்கிழமை ட்ரிப் இருக்குன்னு சனிக்கிழமை ராத்திரிதான் சொன்னீங்க. எங்க அம்மா வீட்டுக்குப் போறதா நான் சொல்லி வெச்சிருந்தேன், எனக்கு அசிங்கமாப் போச்சு. இனிமே ட்ரிப் உறுதியானதும் எனக்கு ஒரு மெசேஜ் போட்டுடுங்க.” இதில் “எப்பவுமே” இல்லை, அவங்க வீடு இல்லை, கேட்பதும் செய்யக்கூடிய ஒரு காரியம். “என்னைக் கொஞ்சம் மதிங்க” என்று கேட்டால் எதைச் செய்வது என்று அவருக்குத் தெரியாது.

கோபம் ஏறி நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால், அதற்கப்புறம் காதில் விழுவது எதுவும் மண்டையில் ஏறாது. அந்த நேரத்தில் பேசித் தீர்ப்பது வீண். உடம்பு அடங்கக் குறைந்தது இருபது நிமிஷம் ஆகும். மலை வீட்டில் ஒரு சிக்கல், தனியாகப் போக இன்னோர் அறை இருக்காது; வெளியே போனால் பனி. அதனால் இடத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: ஒருத்தர் விறகு அடுக்கப் போகலாம், ஒருத்தர் குழந்தையோடு அடுப்பு முன்னால் உட்காரலாம். போகும்போது “அரை மணி நேரம் கழிச்சுப் பேசலாம்” என்று நேரம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், சொன்னபடி வரவும் வேண்டும். நேரம் சொல்லாமல் போவதற்குப் பேர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது. அது மூணு நாள், நாலு நாள் என்று நீளும், எதற்காக ஆரம்பித்தது என்பதே மறந்துபோகும். என்ன ஆனாலும் மறுநாள் சாயங்காலத்தைத் தாண்ட விடாதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்: அவர் வண்டி ஓட்டும்போது போனில் சண்டை வேண்டாம். கல்லட்டிச் சாலையில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவு. “ட்ரிப் முடிஞ்சதும் கூப்பிடுங்க” என்று வைத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. தம்பதிகள் போடும் சண்டைகளில் 69 சதவீதம் தீரவே தீராத ரகம் என்று அதே காட்மன் கணக்கிட்டிருக்கிறார், சந்தோஷமாக இருக்கும் தம்பதிகளையும் சேர்த்துத்தான். நம் மலையில் அந்த ரகத்துக்கு நல்ல உதாரணம் “கீழே போயிடலாம்” சண்டை. பையன் படிப்புக்குக் கோயம்புத்தூரோ மேட்டுப்பாளையமோ போய்விடலாம் என்று ஒருத்தர். தோட்டத்தையும் வயசானவர்களையும் விட்டு எப்படிப் போவது என்று இன்னொருத்தர். யார் சொல்வதும் தப்பில்லை என்பதால் யாராலும் இதில் ஜெயிக்க முடியாது. இப்படிப்பட்டதை ராத்திரிச் சண்டையாக வைத்துக்கொள்ளாமல் ஒரு தாளில் எழுதுங்கள். இருவரும் தனித்தனியே, எதை மட்டும் விட்டுக்கொடுக்கவே முடியாது, எதில் வளைந்துகொடுக்க முடியும் என்று. விட முடியாதது பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஒருத்தருக்கு “பையன் நல்ல ஸ்கூல்ல படிக்கணும்”, இன்னொருத்தருக்கு “அப்பா அம்மா ராத்திரி தனியா இருக்கக் கூடாது.” இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பையன் அஞ்சாம் வகுப்பு வரை கோத்தகிரியிலோ குன்னூரிலோ படிக்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்பது போன்ற தற்காலிக முடிவு தானாகக் கிடைக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தாளை எடுத்துப் பாருங்கள், நடுவில் வேண்டாம்.

காசு. மலைக் குடும்பத்தில் பாதிப் பிணக்கு இதில்தான் கிடக்கிறது. காரணம் பேராசை இல்லை, சீசன்.

போன பன்னிரண்டு மாதத்தில் டீசலும் வண்டி டியூவும் போக இருவர் கைக்கும் வந்ததை மாதவாரியாக எழுதுங்கள். சராசரி எடுக்காதீர்கள், மிகக் குறைவாக வந்த மூன்று மாதங்களை எடுத்து அதன் சராசரியைப் பாருங்கள். உதாரணத்துக்கு 15,000, 16,000, 17,000 என்றால் 16,000. இனி இந்த வீட்டின் மாதச் ‘சம்பளம்’ அந்த 16,000-தான், மே மாதத்திலும் அதேதான். மே மாதம் 45,000 வந்தால் மீதி 29,000 அன்றைக்கே தனிக் கணக்குக்குப் போக வேண்டும். ஏன் இவ்வளவு கெடுபிடி என்று தோன்றும். வருஷம் முழுக்க வந்தது 3,12,000 என்று வையுங்கள். வீட்டுக்கு 16,000 வீதம் 1,92,000 போனால் மிச்சம் 1,20,000. அதிலிருந்து வண்டி இன்சூரன்ஸ் 36,000, எஃப்.சி., டயர் 30,000, தோட்டத்துக்கு உரம் 18,000, பண்டிகை, மொய், காதுகுத்து என்று 24,000. மொத்தம் 1,08,000. வருஷக் கடைசியில் கையில் நிற்பது 12,000 ரூபாய். மே மாதம் பணக்காரராகத் தெரிந்தவர் உண்மையில் பன்னிரண்டாயிரத்துக்குத்தான் சொந்தக்காரர். அந்த மே மாதத்தில் 30,000-க்கு ஒரு டிவி வாங்கினால், சண்டை ஜூலை மாதம் தென்மேற்கு மழையோடு சேர்ந்து வரும். அப்போது ‘நீ செலவாளி’, ‘நீங்கதான் ஊதாரி’ என்று ஒருத்தரை ஒருத்தர் குற்றம் சொல்லிக்கொள்வீர்கள். எண்களை உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள், முறை மாறாது.

இதில் கவாத்தைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை செடியை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிய பாத்தியில் சில மாதம் கொழுந்து கிடையாது. ஒன்றரை ஏக்கரையும் ஒரே வருஷத்தில் வெட்டாமல் மூன்றாகப் பிரித்து வருஷத்துக்கு அரை ஏக்கர் வெட்டினால் வரும்படியில் பெரிய பள்ளம் விழாது. வண்டிக்குப் பெரிய வேலை வரும் வருஷமும் கவாத்து வருஷமும் ஒன்றாக வராதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதினாறாயிரத்துக்குள்ளேயே இருவருக்கும் சமமாக ஒரு தொகை, ஆளுக்கு 1,000 என்று வையுங்கள், கணக்குக் கேட்காத காசாக இருக்கட்டும். அவர் நண்பர்களோடு செலவழிக்கட்டும், நீங்கள் வளையல் வாங்குங்கள் அல்லது சீட்டுப் போடுங்கள். கேள்வி இல்லாத ஆயிரம் ரூபாய், கேள்வியோடு வரும் பத்தாயிரத்தைவிட நிம்மதி. அதே சமயம் 5,000-க்கு மேல் எந்தக் கடனும், குழுக் கடனோ கைமாத்தோ நகை அடகோ, இருவருக்கும் தெரியாமல் கூடாது. நீங்கள் கொண்டுவந்த நகை சட்டப்படி உங்கள் சொத்து, இதை உச்ச நீதிமன்றம் 1985-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அவசரத்துக்கு அடகு வைக்க நீங்கள் சம்மதிக்கலாம். அடகுச் சீட்டு உங்கள் கையில் இருக்கட்டும், மீட்கும் மாதமும் அன்றைக்கே எழுதப்படட்டும்.

தோட்டம் மாமனார் பேரில், பறிப்பது நீங்கள். இலைப் பணம் யார் கணக்குக்குப் போகிறது? நீங்கள் கேட்கத் தயங்குகிற கேள்வி இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பட்டாவை மாற்றச் சொல்லிச் சண்டை போட வேண்டாம், அது நீண்ட வேலை, வீட்டையே இரண்டாக்கும். வெளியாளை வைத்தால் கிலோவுக்கு என்ன கூலி கொடுப்பார்களோ, அந்தக் கூலி உங்கள் பேரில் உள்ள கணக்குக்கு வரட்டும், மீதி தோட்டத்துக்காரருக்கு. இதைப் பெரியவர்களிடம் பேச வேண்டியது உங்கள் கணவர்.

மாமனார் மாமியார் விஷயத்துக்கும் அந்த விதியேதான். அவரவர் பெற்றவர்களிடம் கசப்பானதை அவரவர்தான் சொல்ல வேண்டும். சொல்லும் விதமும் முக்கியம். “அவ வேண்டாங்கறாம்மா” என்றால் முடிந்தது கதை. அந்த வீட்டில் மருமகள் இருபது வருஷத்துக்கு வில்லி. “நாங்க இப்படி முடிவு பண்ணியிருக்கோம்மா” என்று சொல்ல வேண்டும். உங்கள் அம்மா வீட்டில் அவரைப் பற்றிப் பேசும்போதும் இதுவே. கோபத்தில் அம்மாவிடம் சொன்னதை நீங்கள் ரெண்டு நாளில் மறந்துவிடுவீர்கள், அம்மா மறக்க மாட்டார்.

வீட்டு வேலையைப் பற்றிச் சுருக்கமாக: ‘உதவி செய்கிறேன்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். உதவி என்றால் பொறுப்பு உங்களுடையது என்று அர்த்தம். ஞாபகப்படுத்துவதும் உங்கள் வேலையாகிவிடும். முழுதாக ஒப்படைக்கக்கூடிய நாலு வேலையை அவரிடம் கொடுங்கள்: பையனின் தடுப்பூசித் தேதிகள், சிலிண்டர், ரேஷன், மாமாவின் மாத்திரை. தேதியை நினைவில் வைப்பதில் இருந்து முடிப்பது வரை அவர் பொறுப்பு. சிலிண்டர் ஒருமுறை தீர்ந்துபோய் விறகடுப்பில் சமைக்க வேண்டி வந்தாலும் குறுக்கே போகாதீர்கள். அடுத்த முறை தீராது.

அந்தரங்கம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மூன்றாவது வருஷம், சின்னக் குழந்தை, ஒரே தட்டி மறைப்புள்ள வீடு, குளிர், முதுகு வலி என்றால் இது தானாகவே பின்னுக்குப் போயிருக்கும். இதைப் படுக்கையில் பேசாதீர்கள், பகலில் பேசுங்கள். இருட்டில் சொல்லும் “இன்னைக்கு வேண்டாம்” நிராகரிப்பாகக் கேட்கும்; பகலில் “இந்த வாரம் இலை அதிகம், உடம்பு முடியலைங்க, ஞாயித்துக்கிழமை பையன் அத்தைகிட்ட தூங்கட்டும்” என்றால் அது அழைப்பு. வலி இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை, பெண் மருத்துவரிடம் காட்டுங்கள். பிரசவத்துக்குப் பிறகு வந்த சோர்வும் அழுகையும் இன்னும் போகவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

“எப்போதாவது குடி” என்கிறீர்கள், அதனால் பெரிதாக்கவில்லை. ஒரு கட்டுக்கதையை மட்டும் கழித்துவிடலாம்: குளிருக்குக் குடிப்பதாகச் சொல்வது. சாராயம் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாயை விரிக்கும், வெதுவெதுப்பாகத் தோன்றும், உள்சூடு வெளியே போய்விடும். உடம்பு உண்மையில் குளிர்ந்துவிடுகிறது. குடித்திருக்கும்போது எதையும் பேசாதீர்கள், மறுநாள் காலையில் பேசுங்கள். நாளடைவில் இது தினக்குடியாக மாறினால், திடீரென்று தானாக நிறுத்தச் சொல்லவும் கூடாது. நெடுநாள் தினமும் அதிகம் குடித்தவருக்கு நிறுத்திய ரெண்டு மூணு நாளில் கை நடுக்கம், வலிப்பு வரலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவின் மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பு.

கை நீட்டுவது, மிரட்டுவது, காசைப் பிடுங்கிக்கொள்வது, அம்மா வீட்டோடு பேசவிடாமல் தடுப்பது என்று எப்போதாவது ஆரம்பித்தால், மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. மூன்று வாக்கியம், இருபது நிமிஷம் எல்லாம் சமமாக நிற்கும் இருவருக்கானவை. அப்போது அழைக்க வேண்டியது பெண்கள் உதவி எண் 181, உடனடி ஆபத்து என்றால் 112. 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டப்படி அந்த வீட்டிலேயே தொடர்ந்து இருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

வாரத்துக்கு ஒரு அரை மணி நேரம் பேச்சுக்கென்று ஒதுக்குங்கள். ஞாயிறு வேண்டாம், அவருக்கு ட்ரிப் இருக்கும். செவ்வாயோ புதனோ வையுங்கள். டீயும் நாலு வர்க்கியும் இருந்தால் போதும். அந்த வாரம் மற்றவர் செய்ததில் நல்லதாகப் பட்ட ரெண்டைச் சொல்லி ஆரம்பியுங்கள், பொதுவாக இல்லாமல் குறிப்பாக: “வியாழக்கிழமை மழையில வந்து மூட்டையைத் தூக்கிக் கொடுத்தீங்களே, அது.” அப்புறம் பத்து நிமிஷம் காசு, முதலில் கேட்க வேண்டாம் என்றேனே, அந்த “எவ்வளவு?” இங்கே வரட்டும். அப்புறம் வரும் வாரம் யாருக்கு எந்த நாளில் என்ன வேலை என்று. கடைசியில் ஒரே ஒரு குறை, ஆளுக்கு ஒன்று. ரெண்டாவது குறை இருந்தால் அடுத்த வாரத்துக்கு. குறை பேசும்போது ஒரு கடுஞ்சொல்லுக்கு அஞ்சு நல்ல சொல்லோ சிரிப்போ தலையாட்டலோ இருந்தால் பேச்சு உடையாது, இதுவும் காட்மன் எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்குதான். சீசன் மாதங்களில் அரை மணி நேரம் கிடைக்காது. பத்து நிமிஷமாக்குங்கள், நிறுத்தாதீர்கள். ரெண்டு வாரம் விட்டுப்போனால் தானாகத் திரும்ப ஆரம்பிக்காது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம், அவர் மிரண்டுவிடுவார். இந்தப் பதிலை மொத்தமாக அவருக்கு அனுப்பவும் வேண்டாம். ‘என்னைத் திருத்தப் பார்க்கிறா’ என்று தோன்றும். முதல் ரெண்டு வாரம் சாயங்கால இருபது நிமிஷம் மட்டும், நீங்கள் உங்கள் போனை முதலில் எடுத்து வைத்து. மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை டீ. காசுக் கணக்கை நாலாவது செவ்வாய் எடுங்கள், அவருடைய ட்ரிப் நோட்டும் உங்கள் இலைச் சீட்டுகளும் பக்கத்தில் இருக்கட்டும். இந்த வருஷம் கவாத்து வருகிறது என்றால் மட்டும் வரிசையை மாற்றி, அதை முதல் செவ்வாயிலேயே பேசிவிடுங்கள். ஆள் வந்து செடியை வெட்டிய பிறகு பேச ஒன்றும் இருக்காது.